சீட்டின் கடைசி வரி

மருந்துக் கடைக்காரரைப் பகைத்துக்கொண்டு எந்த ஊரிலும் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் கண்டால் போய் நிற்பதற்கு அவரை விட்டால் நமக்கு வேறு வாசல் கிடையாது. டாக்டரைப் பகைத்துக்கொள்வதும் அப்படித்தான். ஆயினும் இந்த மாதம் இருவரையுமே பகைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன். விஷயம் கண்ணைப் பற்றியது. அதுவும் குழந்தைகளின் கண்ணைப் பற்றியது.

"கதை எழுதுகிறவனுக்குக் கண் வைத்தியத்தில் என்ன யோக்கியதை?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு யோக்கியதையும் இல்லை. கல்லூரிப் படிகளில் இரண்டு வருஷம் ஏறி இறங்கியதோடு என் படிப்பு முடிந்தது. நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்து என் தொழில். ஒரு காகிதத்தில் ஐந்து வரி எழுதியிருந்தால் ஐந்து வரியையும் படிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டைத்தான் சொல்கிறேன். அதில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைக் குப்பையில் போடுவது நம் நாட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தக் குப்பையில் எத்தனையோ பிள்ளைகளின் பார்வையும் சேர்ந்து போகிறது.

கண் அரிப்பை நம் ஜனங்கள் ஒரு வியாதியாகவே கருதுவதில்லை. 'உடம்புச் சூடு' என்பார்கள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகச் சொல்வார்கள். ஆனால் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளில் சிலரைக் கவனித்துப் பாருங்கள். வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டான். எந்நேரமும் புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். கண்ணோரத்தில் பீளை நூல் நூலாக இழுபடும். வெள்ளை விழி சிவந்து கலங்கிக் கிடக்கும். மேல் இமையைப் புரட்டிப் பார்த்தால் கூழாங்கல் பரப்பியது மாதிரித் தடிப்புத் தடிப்பாக இருக்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளையே இது அதிகம் பிடிக்கிறது. 'வெர்னல்' என்று டாக்டர்கள் பெயர் சொல்கிறார்கள். வசந்த காலத்து நோய் என்று அதற்கு அர்த்தம். குளிர் தேசத்துக்காரர்கள் வைத்த பெயர். வெயிலும் புழுதியும் வருஷம் பூராவும் உள்ள நம் ஊரில் வசந்தம் வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை.

உடம்புக்கு ஒவ்வாத தூசியோ மகரந்தமோ கண்ணில் பட்டதும், இமைக்கு உள்பக்கத்துத் தோலில் இருக்கும் சில அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கக்குகின்றன. அதனால் வருகிறது அரிப்பு. தேய்த்தால் இன்னும் கக்குகின்றன. ஆகவே இன்னும் அரிக்கிறது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வியாதியில் ஒரு நல்ல சங்கதி உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, மீசை அரும்பும் வயது வந்து சில வருஷங்களில், இது தானாகவே தணிந்து போய்விடுகிறது. வாசகர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தானாகப் போகக்கூடிய வியாதி இது. இதற்குக் கொடுக்கிற மருந்தினால் வரக்கூடிய வியாதியோ, வந்தால் போகாது.

இப்போது மருந்துக் கடைக்கு வருவோம்.

சென்ற கோடையில் ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்குவதற்காக ஒரு கடை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். எட்டு வயது இருக்கலாம். முந்தானையில் முடிந்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மடிப்பெல்லாம் கிழிந்து போன சீட்டு.

"அண்ணே, இதுல இருக்கிற சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் சீட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"பால் மாதிரி வெள்ளையா இருக்குமே, குலுக்கிப் போடுறது, அதானேம்மா?"

"ஆமாண்ணே, அதேதான். அதைப் போட்டா ரெண்டு நாள்ல பளிச்சுனு ஆயிடுது. நிறுத்தினா மறுபடியும் வந்துடுது."

"நிறுத்தாதீங்க. போட்டுக்கிட்டே இருங்க."

இவ்வளவுதான் சம்பாஷணை. பணம் கைமாறியது, குப்பி கைமாறியது. அந்த அம்மாள் சீட்டை மறுபடியும் பத்திரமாக மடிப்பதற்குள், "கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று வாங்கிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி. முதல் வரியில் மருந்தின் பெயர். இரண்டாவது வரியில், முதல் வாரம் நாலு வேளை. மூன்றாவது வரியில், அடுத்த வாரம் மூன்று வேளை. பிறகு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு நிறுத்தம். கடைசி வரியில், நாலு வாரம் கழித்து வந்து கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அத்தனையும் ஆங்கிலத்தில், கோழி கிளறிய ஆங்கிலத்தில்.

அந்தத் தாய் சீட்டைத் தாலிக்கயிறு மாதிரி காப்பாற்றி வைத்திருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இரண்டு வருஷமாக ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

அந்தப் பால் மருந்து என்ன? ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிறவன் அல்ல நான். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்ற டாக்டர், முடக்கு வாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்த நோயாளி எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். கண் வியாதியிலும், அலர்ஜி முற்றிக் கருவிழியில் புண் விழும் நிலைமைக்கு வந்துவிட்டால், ஸ்டீராய்டுதான் கண்ணைக் காப்பாற்றுகிறது. அதைத் தெரிந்து, அளந்து, நாள் குறித்துக் கொடுக்கிற டாக்டரைக் கை கூப்புகிறேன். என் சண்டை மருந்தோடு அல்ல. நாள் கணக்கை அழித்துவிட்டு மருந்தை மட்டும் விற்கிறார்களே, அந்த வியாபாரத்தோடு.

நாள் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். நம் கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் அல்ல, அது வேறு. இது விழிக்கு உள்ளேயே சுரந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற ஒரு பாதை வழியாக வடிந்துவிடுகிறது. ஊறுவதும் வடிவதும் சரியாக இருக்கும் வரையில் கண்ணின் அழுத்தம் 10இலிருந்து 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். ஸ்டீராய்டுச் சொட்டு வாரக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தால், சிலருடைய கண்ணில் அந்தச் சல்லடை தூர்ந்து போகிறது. கிணற்றில் ஊற்று நிற்கவில்லை; வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டது. அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? ஏறுகிற அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்குகிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகளால் ஆன நரம்பு அது. இழை இழையாகச் சாகிறது. செத்த இழை ஒன்றைக்கூட உயிர்ப்பிக்க உலகத்தில் எந்த டாக்டராலும் இன்று வரை முடியவில்லை. கிளாக்கோமா என்று அதற்குப் பெயர்.

யாரோ ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற ஆபத்தை நான் பெரிதுபடுத்துகிறேனா? 1960களில் அமெரிக்காவில் ஆர்மலியும் பெக்கரும் இதைத் தனித்தனியே சோதித்துப் பார்த்தார்கள். நல்ல கண் உள்ளவர்களுக்கே சில வாரங்கள் ஸ்டீராய்டுச் சொட்டுப் போட்டு அழுத்தத்தை அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு அழுத்தம் ஓரளவு ஏறியது. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அபாயமான அளவுக்கு ஏறியது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவும், இன்னும் அதிகமாகவும் ஏறக்கூடும். யாருக்கு ஏறும், யாருக்கு ஏறாது என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். அளப்பது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் சீட்டின் கடைசி வரி எழுதப்பட்டிருக்கிறது.

இதில் உள்ள பெரிய கொடுமை, வலி இல்லாமை. அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்போது கண் சிவப்பதில்லை. சிவப்பைத்தான் மருந்து நன்றாக மறைத்துவிடுகிறதே! பார்வையும் நடுவிலிருந்து போவதில்லை, ஓரத்திலிருந்து போகிறது. கரும்பலகையில் எழுதியிருப்பதைப் பையன் கடைசி வரைக்கும் படித்துவிடுவான். பக்கவாட்டில் வருகிற சைக்கிள்தான் அவனுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இப்படி நடந்தது. பதினாலு வயதுப் பையன். மூன்று வருஷமாகக் கடையில் வாங்கிய சொட்டு. வாசற்படி நிலையில் அடிக்கடி தோளை இடித்துக்கொள்வான். "கண்ணு எங்கடா இருக்கு உனக்கு?" என்று அப்பா அதட்டுவார். பள்ளிக்கூடத்தில் பந்து பிடிக்கத் தெரியாதவன் என்று பெயர். ஒரு நாள் தற்செயலாக இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோதுதான் வலது கண்ணில் ஒரு சிறு வட்டத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்பதை அவனே கண்டுபிடித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: "போனது வராது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்." அந்த அப்பா இன்றும் தாம் அதட்டியதை நினைத்து நினைத்துக் குமைகிறார். அவரிடம் மருந்து விற்றவர் குமையவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

கிளாக்கோமாவோடும் போகவில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு இளவயதிலேயே கண்புரையைக் கொண்டு வரும். கிருமிகளை எதிர்க்கும் கண்ணின் சக்தியைக் குறைத்துவிடும். வீட்டில் பையனுக்கு வாங்கிய குப்பி மாடத்தில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் அப்பாவின் கண்ணில் நெல் உமி அடித்துச் சிவந்து போகிறது. "இதுவும் சிவப்புத்தானே" என்று அதே சொட்டை விடுகிறார்கள். உமி கீறிய கருவிழியில் பூஞ்சைக் காளான் பிடித்திருந்தால், அந்தச் சொட்டு அதற்கு எரு. சிவப்பு என்பது ஒன்று, காரணங்கள் பல. எல்லாச் சிவப்புக்கும் ஒரே குப்பி என்பது எல்லாப் பூட்டுக்கும் ஒரே கடப்பாரை என்பது போலத்தான். திறந்துவிடும், கதவு இருக்காது.

இதற்கெல்லாம் என் நண்பர் ஒருவர் தயாராகச் சமாதானம் வைத்திருக்கிறார். "ஏழை ஜனங்கள், ஐயா! டாக்டரிடம் போனால் அவருக்குப் பீஸ், பஸ்ஸுக்குக் காசு, அன்றைக்குக் கூலி நஷ்டம். மருந்துக் கடைதான் அவர்களுக்கு ஆஸ்பத்திரி. அதையும் மூடச் சொல்கிறீர்களா?"

கூலி நஷ்டம் உண்மை. அதைச் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையின் கண்ணைப் பறிப்பதற்கு எப்படிச் சம்மதிப்பேன்? சென்னையில் 1819இல் ஆரம்பித்த சர்க்கார் கண் ஆஸ்பத்திரி எழும்பூரில் இன்றும் நடக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் ஆஸ்பத்திரி, காசு இல்லாதவருக்கும் கண் உண்டு என்று உலகத்துக்கே காட்டியது. கண் வைத்தியத்தில் நம் தமிழ்நாடு அப்படியொன்றும் அநாதை அல்ல. வருஷத்தில் இரண்டு மூன்று நாள் கூலி போவது பெரிதா, ஒரு பிள்ளை ஆயுள் முழுவதும் குச்சி ஊன்றி நடப்பது பெரிதா? இந்தக் கணக்கை ஏழைத் தாய் தெளிவாகவே போடுவாள். கணக்கின் இரண்டு பக்கத்தையும் அவளுக்குக் காட்டியிருந்தால்!

மேலும், கடைக்காரர் தர்மம்தான் செய்கிறார் என்றால், அதற்கு வேறு வழிகள் இல்லையா? குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் கண்மேல் வைக்கச் சொல்லலாம். தேய்க்காதே என்று பையனிடம் சொல்லலாம். வெறும் கண்ணீர் போன்ற சொட்டு இருக்கிறது, தூசியைக் கழுவிவிடும். ஸ்டீராய்டு கலவாத அலர்ஜிச் சொட்டுகள் இருக்கின்றன. ஓலோபட்டாடின் என்ற சொட்டை அமெரிக்காவில் 2020 முதல் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அனுமதித்தார்கள். அதே அமெரிக்காவில் ஸ்டீராய்டுக் கண் சொட்டைச் சீட்டு இல்லாமல் இன்றும் வாங்க முடியாது. எது எளிது, எது ஆபத்து என்று அவர்கள் தரம் பிரித்தார்கள். நாமோ எது இரண்டு நாளில் பளிச்சென்று ஆக்குகிறதோ அதுவே உசத்தி என்று தரம் பிரிக்கிறோம். மற்றச் சொட்டுகள் மெதுவாகத்தான் வேலை செய்யும். சிலவற்றுக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பொறுமையை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, பேஷான சட்டம். 1940இல் மருந்துச் சட்டம். 1945இல் அதற்கு விதிகள். ஸ்டீராய்டுகள் 'எச்' அட்டவணையைச் சேர்ந்தவை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அந்த விதிகளில் 65ஆவது விதி இன்னும் ஒன்று சொல்கிறது. டாக்டர் தாமாகவே எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்ததும் அந்தச் சீட்டிலேயே கடையின் பெயர், விலாசம், தேதி எல்லாம் குறிக்க வேண்டும். கவனியுங்கள்! நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாளின் சீட்டில் ஒரு தேதி முத்திரை விழுந்திருந்தால், இரண்டாம் தடவை நீட்டும்போதே, "அம்மா, இது முடிந்து போன சீட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஆயுளில் உங்கள் சீட்டில் எத்தனை கடைக்காரர்கள் தேதி குறித்திருக்கிறார்கள்? எண்ணிச் சொல்லுங்கள்.

குப்பியின்மேல் எச்சரிக்கை இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில். கண் சரியாகத் தெரியாதவர் வாங்குகிற குப்பியில், கண் நன்றாகத் தெரிகிறவருக்கே தெரியாத எழுத்து! சிகரெட்டு அட்டையில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை எச்சரிக்கைப் படம் அடைக்க வேண்டும் என்று 2016இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். மது பாட்டிலில் அது கேடு என்று தமிழில் அச்சிட்டுவிட்டுத்தான் விற்கிறார்கள். தெரிந்தே கெட்டுப் போகிறவனுக்கு இவ்வளவு எச்சரிக்கை. தெரியாமல் தன் பிள்ளையின் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற தாய்க்கு ஒரு வரி தமிழ் கிடையாதா?

டாக்டர்களையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அறை வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும், "அம்மா, இந்த மருந்தை நாலு வாரத்துக்கு மேல் போட்டால் பையனுக்குக் கண் போகலாம், கடையில் கேட்டு வாங்காதீர்கள், நாலு வாரம் கழித்துக் கட்டாயம் கூட்டி வாருங்கள்" என்று வாய் திறந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்; பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியைச் சொல்லாமல் மிச்சப்படுத்துகிறவர், கடைசி வரியை எழுதியும் எழுதாதவரே. எழுதியவருக்கு மட்டும் புரிகிற எழுத்து எழுத்தாகுமா? நாங்கள் அப்படி எழுதினால் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. மருந்து செய்கிறவர்கள், ஸ்டீராய்டு கலந்த ஒவ்வொரு கண் சொட்டு அட்டையிலும், 'நாள் கடந்து போட்டால் கண் போகும்' என்று தடித்த எழுத்தில் அந்தந்த ஊர் பாஷையில் அச்சிட வேண்டும். மருந்து விற்கிறவர்கள் 65ஆவது விதியின்படி சீட்டில் தேதி போட வேண்டும். போடாத கடையைக் கேட்பதற்குத்தான் மருந்து ஆய்வாளர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். டாக்டர்கள் கடைசி வரியைத் தமிழில் எழுதி, வாயாலும் சொல்ல வேண்டும். இதில் எதற்கும் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டாம். வெளிநாட்டுக் கடன் வேண்டாம்.

இந்த மூன்றும் நடக்கும் வரைக்கும் பெற்றோர்கள் சும்மா இருக்க வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாடத்தைப் பாருங்கள். திறந்து ஒரு மாதம் தாண்டிய கண் சொட்டு எதுவானாலும் தூர எறியுங்கள். பையனுக்கு மாதக்கணக்கில் போட்டு வருகிற குப்பி இருந்தால், அதை எறியாமல், பையனையும் குப்பியையும் சேர்த்துக் கண் டாக்டரிடம் கொண்டு போங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். நீங்களாகத் தொடரவும் வேண்டாம். "அழுத்தம் பார்த்தீர்களா, எவ்வளவு?" என்று கேளுங்கள். டாக்டர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லும் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் கண் அது. கேட்பதற்கு உங்களைவிட யோக்கியதை உள்ளவர் வேறு யாரும் இல்லை.